சங்கத்துக்கு ஓர் உப்புமானி
(கைப்பயிற்சிப் பாடம்)

கூட்டுறவு இயக்கத்தின் வரலாறு ஒரு தராசிலிருந்து தொடங்குகிறது என்றால் அது மிகையாகாது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுட் பலர் நெசவாளர்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே அக்கடையில் இருந்தன. ஆயினும், கலப்படமற்ற சரக்கு, குறையாத எடை என்னும் இரண்டு உறுதிகளால் அக்கடை நிலைத்தது. உலகெங்கும் கூட்டுறவுக்கு வித்தாயிற்று. அளவில் நேர்மை இருக்குமிடத்தில்தான் அங்கத்தினர்களிடையே நம்பிக்கை வளரும் என்பதை அப்பெரியோர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இன்று நம் சங்கங்களில் நூலை நிறுக்கிறோம், நெல்லை நிறுக்கிறோம், பாலைச் சோதிக்கிறோம். ஆனால் நூலுக்குச் சாயமேற்றுவதற்கும் பயிருக்குப் பாய்ச்சுவதற்கும் ஆதாரமான நீரின் தன்மையை அளக்க நம்மில் எத்தனை சங்கங்களிடம் கருவி உண்டு? "கிணற்று நீர் கரித்துவிட்டது" என்று உழவர் கூறுவார். "எங்கள் பட்டறையால் அன்று" என்று சாயமிடுவோர் கூறுவார். இருவர் கையிலும் அளவு இல்லாதபோது வழக்கு முடிவதில்லை, மனக்கசப்பே மிஞ்சும். இக்குறையை நீக்க, நீரின் உப்பை அளக்கும் எளிய மின்னணுக் கருவியொன்றை அங்கத்தினர்கள் தம் கையாலேயே செய்து பழகும் பயிற்சி முகாம் குறித்து இக்கட்டுரையில் விளக்குவோம்.

1. நெசவும் உழவும் ஒரே நீரில்

பருத்தி நூலுக்கு இன்று பெரும்பாலும் இடப்படுவது ரியாக்டிவ் சாயம். இச்சாயம் நீரை விட்டு நூலின்பால் செல்லுவதற்கு உப்பு துணை செய்கிறது. நூலோடு பிணைவதற்குச் சோடா துணை செய்கிறது. உப்பு தன் வேலையை முடித்தபின் நூலில் தங்குவதில்லை. ஏறத்தாழ முழுவதும் கழிவுநீருடன் வெளியேறிவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ சிட்டத்துக்குப் 10 லிட்டர் சாயநீர் என்றும், லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்றும் வைத்துக்கொண்டால், ஒரு கிலோ நூலுக்கு 500 கிராம் உப்பு செலவாகிறது. குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடையாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்றும் அது கூறும். ஆகவே, அந்த 500 கிராம் உப்பு, மாசற்ற நீர் 1000 லிட்டரை 500 என்னும் அந்த எல்லைக்குக் கொண்டுசென்று நிறுத்திவிடும். ஒரு கிலோ நூலின் கதை இதுவென்றால், நாள்தோறும் சாயமேற்றும் பட்டறைகளின் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

சாயத்தின் நிறத்தைச் சுண்ணாம்பு முதலிய பொருள்களால் பெருமளவு நீக்கலாம். உப்போ கண்ணுக்குத் தெரியாது. சாதாரணச் சுத்திகரிப்புக்கும் கட்டுப்படாது. அதனைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவல் போன்ற செலவு மிக்க முறைகள் வேண்டும். தெளிந்து ஓடும் கழிவுநீர் தீங்கற்றது என்று எண்ணி ஏமாறுவது இதனால்தான்.

இதன் விளைவை நொய்யல் ஆற்றங்கரை மக்கள் அனுபவித்தறிந்தனர். பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, அந்நீர் பயிருக்கு உதவாததாயிற்று. உழவர்கள் நெடுங்காலம் வழக்காடினர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத நிலையை எய்தாத சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்நாளில் நிலமிழந்த உழவரும் துன்புற்றார். வேலையிழந்த தொழிலாளியும் துன்புற்றார். உப்பு சிறிதாயிருந்த காலத்திலேயே அளந்து, பேசித் தீர்த்திருந்தால் இரு சாராருக்கும் இழப்புக் குறைந்திருக்கும்.

2. திறந்த மின்னணுவியல் என்பது யாது?

கடையில் விற்கும் கருவி பெரும்பாலும் மூடிய பெட்டியே. பழுதுற்றால் திறக்க வழியில்லை. திறந்தாலும் உள்ளமைப்பு விளங்குவதில்லை. திறந்த மின்னணுவியலில் கருவியின் மின்சுற்று வரைபடம், உதிரிப்பாகங்களின் பட்டியல், அதனை இயக்கும் கட்டளைத்தொடர் ஆகிய அனைத்தும் பொதுவில் வெளியிடப்படுகின்றன. யாரும் படிக்கலாம், செய்யலாம், திருத்தலாம். திருத்தியதையும் அவ்வண்ணமே பிறருக்கு அளிக்கவேண்டும் என்று பலர் நிபந்தனை விதிப்பதும் உண்டு. ஊர்ப் பொதுக் கிணற்றில் நீரெடுப்பவர் தூர்வாரும் நாளில் ஒரு கை கொடுப்பதைப் போன்றது இந்த ஏற்பாடு. கூட்டுறவாளருக்கு இந்த நியதி புதிதன்று.

இவ்வகையில் பெயர்பெற்றது ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை. 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரக் கல்வி நிலையமொன்றில், மின்னணுவியல் பயிலாத மாணவரும் கையாளத்தக்கதாக இது உருவாக்கப்பட்டது. இதன் அமைப்பு பொதுவில் உள்ளமையால் பல நாடுகளிலும் இதற்கு ஒப்பான பலகைகள் செய்யப்படுகின்றன. நம் நகரக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

3. பிற நாடுகளின் அனுபவம்

2011 மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி, ஃபுகுஷிமா அணுமின் நிலையம் சேதமுற்றது. தம் தெருவில் கதிர்வீச்சு எவ்வளவு என்றறிய மக்கள் தவித்தனர். அப்போது தோன்றிய சேஃப்காஸ்ட் என்னும் தன்னார்வ அமைப்பு, காரில் பொருத்திக்கொண்டு ஊரூராகச் சென்று அளக்கும் கருவியை வடிவமைத்தது. பின்னர் அதன் உதிரிப்பாகங்களைப் பெட்டியிலிட்டு வழங்கி, பயிற்சிக் கூட்டங்களில் பொதுமக்களே அதனைப் பொருத்தும்படி செய்தது. இவ்வாறு திரண்ட அளவுகள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன. அவை அனைத்தும் உரிமை கோரப்படாமல் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்தது. அங்கு வாகனப் புகைத்தூசி பெருந்தொல்லையாக இருந்தது. 2015-இல் அந்நகரத் தன்னார்வக் குழுவொன்று, தூசியளக்கும் கருவியை மக்களே செய்து தம் வீட்டு மாடத்தில் மாட்டும் திட்டத்தைத் தொடங்கியது. கருவிக்குக் கூடு எது தெரியுமா? வீட்டு வடிகுழாய்க்குப் பயன்படும் பிளாஸ்டிக் வளைவுகள் இரண்டு! மழை உள்ளே புகாது, காற்று புகும், விலையும் அற்பம். அத்திட்டம் பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. ஸ்டுட்கார்ட் கருவி ஒளிக்கற்றையால் தூசித்துகளை எண்ணுவது. ஆதலின் மூடுபனி நாளில் நீர்த்துளியையும் தூசியென எண்ணி, அளவை மிகைப்படுத்தும். கருவியைத் தாமே செய்தவர்கள் அதன் குறையையும் அறிந்திருப்பர். அதற்கேற்ப அளவைப் பொருள்கொள்வர். மூடிய பெட்டியை வாங்கியவருக்கு எண் மட்டும் தெரியும். அந்த எண்ணை எந்நாளில் நம்பலாகாது என்பது தெரியாது.

4. உப்புமானியின் அமைப்பு

தூய நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. உப்பு கரையக் கரையக் கடத்தும் திறன் உயரும். இவ்வியல்பே நம் கருவிக்கு அடிப்படை. வேண்டிய பொருள்கள் இவை: ஆர்டுயினோ பலகை ஒன்று, துருப்பிடியாத எஃகுத் தகடுகள் அல்லது கம்பிகள் இரண்டு, 1000 ஓம் மின்தடை ஒன்று, நீரில் அமிழ்த்தத்தக்க வெப்ப உணரி ஒன்று, எண் காட்டும் சிறு திரை ஒன்று, இணைப்புக் கம்பிகள், பழைய கைப்பேசிக்குரிய 5 வோல்ட் சார்ஜர்.

இரண்டு தகடுகளையும் ஒன்றையொன்று தொடாமல், இடைவெளி மாறாமல், ஒரு பிளாஸ்டிக் துண்டில் இறுகப் பொருத்துக. மின்தடையையும் தகடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, இரண்டும் கூடும் இடத்திலிருந்து பலகையின் அளக்கும் முனைக்கு ஒரு கம்பி கொடுக்க. பலகை 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துக் காட்டும். கூடுமிடத்தில் ஏறத்தாழப் பாதியளவாகிய 512 காட்டினால், தகடுகளுக்கிடையே நீரின் தடையும் 1000 ஓம் என்பது பொருள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தை ஒரே திசையில் தொடர்ந்து செலுத்தினால் தகடுகளில் மின்னாற்பகுப்பு நிகழ்ந்து, தகடு அரிக்கும், அளவும் பிறழும். ஆகவே, பலகையின் இரு முனைகளை மாற்றி மாற்றி இயக்கி, மின்னோட்டத்தின் திசையை நொடிக்குப் பலமுறை திருப்பவேண்டும். அளக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் மின்சாரத்தை நிறுத்திவைத்தல் வேண்டும். இக்கட்டளைகள் சில வரிகளிலேயே அடங்கிவிடும்.

5. படிக்கல் சரிபார்த்தல்

தராசுக்கு முத்திரையிட்ட படிக்கல் எவ்வாறோ, உப்புமானிக்கு அளவறிந்த கரைசல் அவ்வாறு. ஒரு லிட்டர் வாலைவடி நீரில் 0.745 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்தால், 25 டிகிரி வெப்பத்தில் அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் இருக்கும். இக்கரைசல் புட்டிகளில் விலைக்கும் கிடைக்கும். பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடத்தின் நுண்தராசைப் பயன்படுத்தித் தயாரித்துக்கொள்ளுதலும் கூடும்.

நம் தகடுகளை இக்கரைசலில் அமிழ்த்தியபோது தடை 1000 ஓம் எனக் காட்டியதாகக் கொள்வோம். 1000 ஓம் தடைக்குரிய கடத்தல் 1000 மைக்ரோசீமென்ஸ். உண்மை அளவோ 1413. ஆகவே நம் தகட்டின் பெருக்கெண் 1.413. இதைத் தகட்டின் மேலேயே எழுதி ஒட்டிவிடுக. இனி ஒரு கிணற்று நீரில் தடை 500 ஓம் காட்டினால், கடத்தல் 2000. பெருக்கெண்ணால் பெருக்க 2826 மைக்ரோசீமென்ஸ் ஆகும். தகடு வளைந்தாலோ, அழுக்கேறினாலோ பெருக்கெண் மாறிவிடும். ஆதலின் ஒவ்வொரு முறை அளக்கப் புறப்படும் முன்பும் இக்கரைசலில் சோதித்தல் இன்றியமையாதது.

வெப்பத்தையும் மறத்தலாகாது. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் கடத்துதிறன் ஏறத்தாழ நூற்றுக்கு 2 உயரும். 35 டிகிரி வெப்பமுள்ள நீர், 25 டிகிரியில் காட்டுவதைவிட நூற்றுக்கு 20 மிகுதியாகக் காட்டும். இதைக் கழிக்காமல் விட்டால் நண்பகலில் அளந்தவருக்கும் விடியலில் அளந்தவருக்கும் வீண் சச்சரவு மூளும். வெப்ப உணரியைச் சேர்த்தது இதன்பொருட்டே. சாயத்தொட்டிச் சுடுநீரை ஆறவிட்டே அளக்கவேண்டும். உப்பு மிக்க சாயநீரை அவ்வாறே அளக்க இச்சிறு கருவியால் இயலாது. ஒரு பங்கு சாயநீருக்கு 99 பங்கு வாலைவடி நீர் கலந்து அளந்து, நூறால் பெருக்கி மதிப்பிடுக.

6. முகாம் நடத்தும் முறை

16 பேருக்கு மேற்படாத முகாமே பயன் தரும். மேசைக்கு இருவர், அவ்விருவரில் ஒருவர் நெசவாளராகவும் மற்றவர் பயிரிடுபவராகவும் இருத்தல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே கருவியை இருவரும் சேர்ந்து செய்தால், பின்னர் அது காட்டும் எண்ணை இருவரும் ஒப்புக்கொள்வர். பெண் அங்கத்தினர்களையும் இளைஞர்களையும் தவறாது சேர்க்க. அறுந்த பாவு இழையைப் பிணைத்துப் பழகிய விரல்களுக்கு மெல்லிய கம்பியை இணைப்பதும் ஈயப்பற்று வைப்பதும் எளிதில் வசப்படும்.

முதல் நாள் முற்பகலில் சொற்பொழிவு அரை மணிக்கு மேல் வேண்டா. முதலில் மழைநீர், கிணற்று நீர், உப்பிட்ட நீர் என மூன்று குவளைகளை வைத்து, தகட்டை அமிழ்த்தி, எண் மாறுவதைக் கண்ணாரக் காணச் செய்க. அதன்பின் காரணம் கூறினால் மனத்திற் பதியும். பிற்பகலில் ஒவ்வோர் இணையும் தன் கருவியைப் பொருத்தட்டும். மாலையில் ஆசிரியர் ஒவ்வொரு கருவியிலும் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லுக. பழுது நீக்கக் கற்காதவருக்கு முகாம் முடிந்த மறுமாதமே கருவி பரணில் ஏறிவிடும்.

இரண்டாம் நாள் கரைசலில் சரிபார்த்துக்கொண்டு வெளியே செல்லுக. பட்டறைத் தொட்டி, வடிகால், அருகிலுள்ள கிணறு, தொலைவிலுள்ள கிணறு, வாய்க்கால் என்று ஐந்தாறு இடங்களில் எல்லா இணைகளும் ஒரே நீரை அளக்கட்டும். எண்கள் வேறுபட்டால் ஏன் வேறுபட்டன என்று அங்கேயே ஆராய்க. இவ்வாராய்ச்சியே முகாமின் உயிர்நாடி.

7. அளவைப் பொருள்கொள்ளுதல்

கடத்துதிறனை 0.5 முதல் 0.7 வரையிலான எண்ணால் பெருக்கினால், கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று தோராயமாகத் தெரியும், 0.64 என்பது பலரும் கொள்ளும் எண். பாசனத்தைப் பொறுத்தவரை, 700 மைக்ரோசீமென்ஸுக்குக் குறைந்த நீரால் இடரில்லை. 700 முதல் 3000 வரை கவனம் தேவை. 3000-ஐக் கடந்தால் கடும் இடர் என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதல். பயிருக்குப் பயிர் பொறுமை வேறுபடும். பருத்தி மிகுதியான உப்பைப் பொறுக்கும். நெல் அத்தனை பொறுக்காது. பீன்ஸ் மிகச் சிறிதே பொறுக்கும்.

பட்டறைக்குள்ளும் இக்கருவிக்கு வேலையுண்டு. சாயமேற்றிய சிட்டத்தை அலசும் ஒவ்வொரு முறையும் அலசல் நீரை அளந்து பாருங்கள். முதல் இரண்டு நீரில் உப்பு மிக அதிகமாகவும், போகப்போகக் குறைந்து, கடைசி அலசல் கிணற்று நீருக்கு அண்மையாகவும் இருக்கக் காணலாம். உப்பு மிக்க நீரைத் தனித் தொட்டியில் பிரித்து நிறுத்தினால், சுத்திகரிக்கவேண்டிய நீரின் அளவு குறையும். கடைசி அலசல் நீரை அடுத்த சாயத்தின் முதல் அலசலுக்குப் பயன்படுத்தினால் நீரும் மிஞ்சும். மோட்டார் ஓடும் மின்சாரமும் மிஞ்சும்.

8. எல்லைகளும் எச்சரிக்கைகளும்

இக்கருவி உப்பை மட்டுமே கூறும். கன உலோகம், பூச்சிமருந்து, நோய்க்கிருமி ஆகியவற்றை அறியாது. எண் குறைவாயிருப்பதால் நீர் குடிக்கத் தக்கது என்று ஒருபோதும் முடிவு செய்யலாகாது. இது காட்டும் அளவு நீதிமன்றச் சான்றும் ஆகாது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், மாதிரி எடுப்பதற்கென முறைகளை வகுத்துள்ளது. எண் திடீரென உயர்ந்தால், ஆய்வுக்கூடத்துக்கு எப்போது, எவ்விடத்து நீரை அனுப்புவது என்று காட்டும் வழிகாட்டியாக இதனைக் கொள்க.

சுவர் மின்சாரத்தை நேரடியாகக் கையாளும் எவ்வேலையும் முகாமில் கூடாது. ஈயப்பற்று வைக்கும்போது சன்னல்களைத் திறந்துவைக்க. கைகழுவாமல் உணவு உட்கொள்ளலாகாது. பழுதான பலகையையும் தீர்ந்த மின்கலத்தையும் குளத்தங்கரையில் எறிந்துவிட்டு நீரைக் காக்கும் முகாம் நடத்துவது நகைப்புக்கிடமாகும். அவற்றைச் சங்கத்தில் ஒரு பெட்டியிற் சேர்த்து, உரிமம் பெற்ற மின்னணுக்கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க.

9. சங்கம் செய்யத்தக்கவை

கல்வி, பயிற்சி, தகவல் ஆகியவை கூட்டுறவின் ஏழு நெறிகளுள் ஒன்று என்பதை 1995-இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி மீண்டும் உறுதி செய்தது. ராச்டேல் முன்னோடிகள் தம் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கினர். நம் மாநிலச் சட்டத்தின்கீழும் சங்கங்கள் நிகர லாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகின்றன. ஆகவே கல்விக்குச் செலவிடுவது நம் மரபுக்குப் புறம்பானதன்று.

நிர்வாகக் குழு முறைப்படி தீர்மானம் நிறைவேற்றி, முகாமுக்கு ஒரு சிறு தொகையும், கருவிகளுக்கு ஒரு பொறுப்பாளரும், ஒரு பதிவேடும் ஏற்படுத்துவது நலம். பதிவேட்டில் தேதி, நேரம், இடம், நீரின் வெப்பம், புறப்படுமுன் கரைசலிற் கண்ட அளவு, நீரிற் கண்ட அளவு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கட்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு நெசவாளரும் ஒரு பயிரிடுபவரும் கையொப்பமிடுவாராக. மாதந்தோறும் அளவுகளை அறிவிப்புப் பலகையில் எழுதுக.

இங்கேதான் சங்கத்தின் நெஞ்சுரம் சோதிக்கப்படும். ஒரு மாதம் சங்கத்தின் சொந்தச் சாயப்பட்டறை வடிகாலிலேயே எண் உயர்ந்து காணப்படலாம். மற்றொரு மாதம், உழவர் பழிசொன்ன பட்டறைக்கும் கிணற்றின் கரிப்புக்கும் தொடர்பில்லை என்றும், மிகுதியாக நீர் இறைத்ததால் அடிநிலத்து உவர்நீர் ஏறியிருக்கலாம் என்றும் ஐயுற இடம் உண்டாகலாம். தமக்கு எதிரான எண்ணையும் தம் கையாலேயே எழுதிப் பலகையில் வைக்க அங்கத்தினர்கள் துணிவார்களாயின், அச்சங்கத்தின் நிலமும் தறியும் பிழைக்கும். எழுதத் துணியாத சங்கத்துக்கு எத்துணை விலையுயர்ந்த கருவி வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. நம் சங்க எல்லையில் ஆண்டுதோறும் சாயத்துக்குச் செலவாகும் உப்பு எத்தனை மூட்டை? அது எவ்வழியே, எங்கே சென்று சேர்கிறது?

2. ஒரே கிணற்றில் காலையிலும் நண்பகலிலும் வெவ்வேறு எண் கிடைத்தால், எவற்றை முதலில் சோதிப்பீர்கள்?

3. அலசல் நீரை மறுமுறை பயன்படுத்த நம் பட்டறையில் என்ன மாற்றங்கள் வேண்டும்? செலவு எவ்வளவு? மிச்சம் எவ்வளவு?

4. பதிவேட்டில் நம் பட்டறைக்கு எதிரான அளவு வந்தால் செய்யவேண்டியது யாது? இதற்கான விதியை, அளவு வருவதற்கு முன்பே பொதுக்குழுவில் வகுத்துக்கொள்ள முடியுமா?